கம்பி நீட்டும் கைகளும் நம் தராசும்

கடன் வாங்கிப் போனவர் திரும்பி வராவிட்டால் "ஆள் கம்பி நீட்டிவிட்டார்" என்று சொல்வது நம் கடைகளில் வழக்கம். நாம் இங்கே எழுத வந்தது அவர்களைப் பற்றி அல்ல. உண்மையிலேயே கம்பி நீட்டுகிறவர்களைப் பற்றி. நெருப்பின் முன் உட்கார்ந்து, வெள்ளிக் கட்டியை இழுத்து இழுத்து நூல் போலாக்கி, அந்த நூலை வளைத்துப் பூவாகவும் இலையாகவும் சுருளாகவும் செய்து நகையாக்குகிற தொழிலாளர்களைப் பற்றி.

மளிகைக் கடைக்காரர் படிக்கும் இதழில் நகை வேலைக்கு என்ன இடம் என்று சில அன்பர்கள் கேட்கலாம். பட்டறைத் தெருவில் கடை வைத்திருப்பவர்கள் அப்படிக் கேட்க மாட்டார்கள். வெள்ளி வேலைக்கு வேண்டிய வெங்காரம் நம் கடையில் இருந்து போகிறது. படிகாரம் நம் கடையில் இருந்து போகிறது. செய்த நகையை வெளுக்கப் புளியும், தேய்த்துக் கழுவப் பூந்திக்கொட்டையும் நம் கடையில் இருந்தே போகின்றன. இவற்றோடு அந்த வீட்டு அரிசி, பருப்பு, எண்ணெய். பட்டறையில் வேலை நடக்கிறதா இல்லையா என்பது ஊருக்குத் தெரிவதற்கு முன்னால் நம் பற்று நோட்டுக்குத் தெரிந்துவிடும்.

சேலம் செவ்வாய்ப்பேட்டையை அறிந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரு பக்கம் லீ பஜாரின் மொத்த வியாபாரம். மறு பக்கம் வெள்ளிப் பட்டறைகள். மூட்டை இறங்கும் சத்தமும் கொலுசு தட்டும் சத்தமும் ஒரே பேட்டையில் கேட்கும். மளிகையோடு நாட்டு மருந்துச் சரக்கும் வைத்திருக்கும் நண்பர் ஒருவர் நம்மிடம் சொன்னது இது. வாரம் தவறாமல் வெங்காரம் வாங்கும் பட்டறைக்காரர் ஒருவர் வந்து, "அண்ணே, இந்த வாரம் நூறு கிராம் போதும்" என்றாராம்.

"ஏங்க, எப்பவும் கால் கிலோ வாங்குவீங்களே?"

"வெள்ளி ஏறிப்போச்சுங்க அண்ணே. கடைக்காரங்க, உருப்படி கனமா இருந்தா விலை எட்டாது, லேசா பண்ணு, ஆனா கூலி கிராம் கணக்குலதான்னு சொல்றாங்க. லேசா பண்ணினா வேலைதானே ஜாஸ்தி? அத யாரு கேக்கறாங்க?"

நண்பருக்கு அந்தப் பேச்சு மறக்கவில்லை. நமக்கும் மறக்கவில்லை. லேசான பொருளுக்கு ஏன் வேலை அதிகம், அதற்குக் கூலி ஏன் குறைகிறது என்பதை வணிகர் என்ற முறையில் நாம் புரிந்துகொள்ள வேண்டும். அதற்குக் கம்பி வேலையின் உச்சத்தைத் தொட்ட ஓர் ஊரைப் பார்ப்பது பயன் தரும். அது ஒடிசா மாநிலத்தின் கட்டாக்.

கட்டாக்கின் வெள்ளி இழை

மகாநதிக்கும் காட்ஜோடி ஆற்றுக்கும் இடையில் அமைந்த பழைய நகரம் கட்டாக். அங்கே நடக்கும் மெல்லிய வெள்ளிக் கம்பி வேலைக்குத் தாராகாசி என்று பெயர். தாரா என்றால் கம்பி. காதணி, பதக்கம், குங்குமச் சிமிழ் போன்ற சிறு பொருள்களிலிருந்து கோணார்க் கோயில் சக்கரம், அர்ஜுனன் தேர், பாய்மரக் கப்பல் போன்ற பெரிய உருப்படிகள் வரை அந்தக் கம்பியிலேயே கட்டுகிறார்கள். ஒடிசி நடனம் ஆடுவோர் அணியும் வெள்ளி நகைகளும் இந்த வேலைதான். தசராவின்போது துர்க்கை சிலைக்குப் பின்னால் ஆள் உயரத்துக்கும் மேலாக வெள்ளித் தோரணப் பின்னணி அமைப்பது அவ்வூர் வழக்கம். 1956-இல் சௌத்ரி பஜார் பந்தலில் தொடங்கிய இவ்வழக்கம் பின்னர் மற்றப் பந்தல்களுக்கும் பரவியது. 2024-இல் கட்டாக் தாராகாசிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது. இதே வகை வேலைக்குப் பெயர் பெற்ற மற்றோர் ஊரான கரீம்நகர், அந்தக் குறியீட்டை அதற்குப் பல ஆண்டுகள் முன்பே பெற்றுவிட்டது.

சேலத்துக் கொலுசு வேலையும் கட்டாக் வேலையும் ஒன்றல்ல. கொலுசில் கம்பியைத் தண்டில் சுற்றி, அறுத்து, வளையமாக்கிக் கோப்பது முக்கியம். கட்டாக் வேலையில் கம்பியே கோலம், கம்பியே நிரப்பு, கம்பியே நகை. ஆயினும் இரண்டுக்கும் அடிப்படை ஒன்றுதான்: வெள்ளியைக் கம்பியாக இழுத்தல், கம்பியை வடிவாக வளைத்தல், வடிவங்களைப் பொடி வைத்துப் பற்றுதல்.

இழுக்க இழுக்க நீளும்

முதலில் வெள்ளியை மூசையில் இட்டு உருக்குகிறார்கள். சுத்த வெள்ளி உருக 961 டிகிரி சூடு வேண்டும். உருகியதை வார்த்துச் சிறு தண்டாக்கி, அடித்தோ உருளையில் கொடுத்தோ மெலிதாக்குகிறார்கள். அதன் பிறகுதான் கம்பியச்சு வேலைக்கு வருகிறது. கம்பியச்சு என்பது பெரியதிலிருந்து சிறியது வரை வரிசையாகத் துளைகள் உள்ள எஃகுத் தகடு. தண்டின் நுனியைக் கூராக்கித் துளையில் நுழைத்து, மறுபுறம் குறடால் பற்றி இழுக்க வேண்டும். ஒரு துளை முடிந்தால் அடுத்த சிறு துளை.

ஒரே இழுப்பில் மெலிதாக்கிவிட முடியாது. பேராசைப்பட்டு இரண்டு துளையைத் தாண்டினால் கம்பி அறுந்துவிடும். ஒவ்வொரு துளையிலும் பருமன் பத்தில் ஒரு பங்கு குறைவதாக வைத்துக்கொண்டால், 4 மி.மீ. தண்டு 0.3 மி.மீ. கம்பியாவதற்கு ஏறக்குறைய 25 துளை கடக்க வேண்டும். அப்படிக் கடந்து முடியும்போது ஓர் அடித் தண்டு ஏறத்தாழ 178 அடிக் கம்பியாக நீண்டிருக்கும்.

இழுக்க இழுக்க வெள்ளி விறைத்துப்போகும். சப்பாத்தி மாவைப் பிசைந்து உடனே தேய்த்தால் சுருங்கிக்கொள்வதும், சிறிது நேரம் ஊறவிட்டால் பணிவதும் நம் வீட்டுப் பெண்கள் அறிந்ததே. வெள்ளிக்கும் ஓய்வு வேண்டும். நடுநடுவே அதை மங்கிய சிவப்பு நிறம் வரும் வரை காய்ச்சி ஆற்றினால் மீண்டும் மென்மையாகிவிடும். எப்போது காய்ச்ச வேண்டும் என்பதை இழுக்கிறவர் கைதான் சொல்லும். காய்ச்சத் தவறினால் அறுந்துபோகும். அதிகம் காய்ச்சினால் மெல்லிய கம்பி உருகி மணியாகத் திரண்டுவிடும். கலப்பு மிகுந்த வெள்ளி இவ்வளவு மெலிதாக இழுக்கவும் வளைக்கவும் எளிதில் இடம் தராது. அதனால் இந்த வேலைக்கு நல்ல வெள்ளியே வேண்டியிருக்கிறது.

வளைப்பதே வேலை

மெல்லிய கம்பி இரண்டை ஒன்றாகச் சேர்த்து முறுக்கி, பிறகு தட்டையாக அழுத்துகிறார்கள். இப்படிச் செய்த இழையின் ஓரத்தைக் கண்ணாடி வைத்துப் பார்த்தால், சிறு மணிகளை வரிசையாகப் பதித்தது போல் இருக்கும். வெளிச்சம் பட்டு மினுக்குவது இந்த முறுக்கின் மேடு பள்ளத்தால்தான்.

சற்றுத் தடித்த கம்பியால் முதலில் சட்டம் கட்டுகிறார்கள். மலர் என்றால் இதழின் வெளிக்கோடு, மயில் என்றால் உடலும் தோகையும். கோலத்துக்குப் புள்ளி எப்படியோ, கம்பி நகைக்குச் சட்டம் அப்படி. பிறகு மெல்லிய இழையைச் சாமணத்தால் வளைத்துச் சுருளாக, இலையாக, மாங்காயாக, நீர்த்துளியாக, பாம்பு நெளிவாகச் செய்து சட்டத்துக்குள் அடுக்குகிறார்கள். ஒவ்வொரு சுருளும் பக்கத்துச் சுருளை இறுக்கமாகத் தொட்டு நிற்க வேண்டும். இடைவெளி இருந்தால் பற்றாது. திணித்தால் சட்டம் கோணும். ஒரே அளவில் நூறு சுருள் வேண்டுமென்றால் நூறும் கண் அளவிலேயே வர வேண்டும்.

நம் வணிகர்கள் கணக்கில் கெட்டிக்காரர்கள். ஆகவே இதைக் கணக்காகவே பார்ப்போம். 20 கிராம் எடையில் ஒரு பதக்கம் இருக்கட்டும். பொடியின் எடையை இப்போதைக்கு விட்டுவிடுவோம். சட்டத்துக்கு 1 மி.மீ. கம்பியில் 8 கிராம் போகிறது. அது ஒரு மீட்டருக்குச் சற்றுக் குறைவான நீளம். மிச்சம் 12 கிராம் 0.3 மி.மீ. கம்பி. இந்தப் பருமனில் ஒரு கிராம் வெள்ளி 1 மீட்டர் 35 செ.மீ. நீளும். எனவே 12 கிராமில் 16 மீட்டர் கம்பி இருக்கிறது. இரண்டாக முறுக்கினால் ஏறக்குறைய 8 மீட்டர் இழை. ஒரு சுருளுக்கு 2 செ.மீ. என்று வைத்தால் 400 சுருள்! உள்ளங்கையில் அடங்கும் ஒரு பதக்கத்துக்குள் 400 முறை சாமணம் வளைந்திருக்கிறது.

இதே 12 கிராமை 0.5 மி.மீ. கம்பியில் செய்தால் நீளம் 5 மீட்டர் 80 செ.மீ. மட்டுமே. முறுக்கினால் 3 மீட்டருக்கும் குறைவு. சுருள் 150-ஐத் தொடாது. எடை அதேதான். வேலை மூன்றில் ஒரு பங்கை ஒட்டித்தான் இருக்கும்.

பட்டறைக்காரர் சொன்னதன் பொருள் இதுதான். கூலியைக் கிராம் கணக்கில் கொடுத்தால், மெல்லிய கம்பியில் உழைப்பவர் தண்டனை பெறுகிறார், தடித்த கம்பியில் முடிப்பவர் பரிசு பெறுகிறார். பிறகு "அந்தக் காலத்து நுணுக்கம் இப்போது இல்லையே" என்று நாமே குறைப்படுகிறோம். நுணுக்கம் எங்கேயும் ஓடவில்லை. நம் தராசு அதை விரட்டிவிட்டது.

பொடி வைத்து ஊதுதல்

ஒருவர் மறைபொருளாகப் பேசினால் "பொடி வைத்துப் பேசுகிறார்" என்போம். நகைப் பட்டறையில் பொடி என்பது பற்றாசு. வெள்ளியோடு செம்பும் துத்தநாகமும் சேர்ந்த கலவை அது. நகையின் வெள்ளி உருகுவதற்கு முன்பே பொடி உருகிவிடும். சுருள்களை அடுக்கி, வெங்காரக் கரைசல் தடவி, பொடி தூவி, ஊதுகுழலால் சுடரைச் செலுத்தினால் பொடி உருகி இணைப்புகளுக்குள் ஓடிப் பிடித்துக்கொள்ளும். வெங்காரம் காற்றுப் படாமல் காத்து, பொடி ஓட வழி செய்கிறது. ஒரு நொடி கூடுதலாக ஊதினால் 0.3 மி.மீ. இழை உருகி, நாலு நாள் வேலை ஒரு சொட்டாகிவிடும்.

பொடி இல்லாமல் கம்பி நகை இல்லை. ஆனால் தரம் குறையும் வாசலும் அதுதான். இதற்கும் ஒரு கணக்கு. கம்பி 95 சதவீத வெள்ளி, பொடி 60 சதவீத வெள்ளி என்று கொள்வோம். 20 கிராம் நகையில் பொடி 1 கிராம் மட்டும் என்றால் முழு நகையின் தரம் 93.25 சதவீதம். பொடி 2 கிராம் ஆகிவிட்டால் தரம் 91.5 சதவீதம். 92.5 என்று முத்திரை கேட்கும் இடத்தில் முதல் நகை தேறும், இரண்டாவது தோற்கும். கம்பி இரண்டிலும் ஒன்றே. ஒரே ஒரு கிராம் பொடிதான் வித்தியாசம்.

மிளகாய் வற்றலில் ஈரம் ஏற்றினால் எடை கூடும் என்பதும், வாங்கியவர் வீட்டில் அது பூஞ்சை பிடிக்கும் என்பதும் நமக்குத் தெரியும். வெள்ளியில் பொடி ஏற்றுவதும் அதே வகைதான். ஈரம் காய்ந்து உண்மை வெளிப்படும். பொடி, பழைய நகையை உருக்கும் நாளில் வெளிப்படும். அன்று வாடிக்கையாளர் பட்டறைக்காரரைத் தேடிப் போக மாட்டார். ரசீது கொடுத்த கடைக்குத்தான் வருவார்.

இங்கே ஒன்றை மனச்சாட்சியோடு சொல்ல வேண்டும். பொடி கூடுவதற்குப் பட்டறை மட்டும் காரணம் அல்ல. கூலியைக் கிராம் கணக்கில் கொடுத்து, அதையும் குறைத்துப் பேசினால், எடையைக் கூட்டும் ஆசையை நாமே ஊட்டிவிடுகிறோம். பொடியை அளந்து வைக்கும் பொறுமைக்கும் கூலி உண்டு என்பதை மறந்துவிடுகிறோம்.

பொடியில் காட்மியம் சேர்ப்பதும் ஒரு காலத்தில் பெருவழக்காக இருந்தது. நகைக் கடைப் பலகைகளில் "கே.டி.எம்." என்று பெருமையாக எழுதியிருந்ததைப் பலரும் பார்த்திருப்போம். காட்மியம் பொடியை எளிதில் உருகச் செய்யும். ஆனால் சூட்டில் எழும் அதன் புகை, ஊதுகிறவரின் நுரையீரலையும் சிறுநீரகத்தையும் கெடுக்கும். நம் கடைக்கு வெங்காரம் வாங்க வருகிறவரின் மார்பில் போய்த் தங்கும் நஞ்சு அது. காட்மியம் இல்லாத பொடி வேண்டும் என்று ஆர்டர் கொடுக்கும்போதே சொல்வது வணிகரின் கடமை.

பற்றவைத்த நகை கறுத்திருக்கும். புளிக்கரைசலிலோ படிகாரத்திலோ நீர்த்த அமிலத்திலோ இட்டு வெளுக்கிறார்கள். பிறகு பூந்திக்கொட்டை நுரையில் பித்தளைத் தூரிகையால் தேய்த்தால், கறுத்த கம்பிக்கூடு வெண்மையாக எழுந்து வருகிறது.

விலை ஏறியபோது என்ன நடந்தது

2025-ஆம் ஆண்டு தொடக்கத்தில் கிலோ ஒரு லட்சம் ரூபாய்க்குக் கீழ் இருந்த வெள்ளி, அந்த ஆண்டு முடிவதற்குள் இரண்டு லட்சத்தைத் தாண்டியது. வெள்ளி வைத்திருந்தவர்களுக்கு மகிழ்ச்சி. வெள்ளியில் உழைத்தவர்களுக்கு அப்படி இல்லை.

நாம் முன்பு சொன்ன 20 கிராம் பதக்கத்தையே எடுத்துக்கொள்வோம். கணக்கு வசதிக்காக நாலு நாள் வேலை, நாள் கூலி 700 ரூபாய் என்று வைப்போம். கூலி 2,800 ரூபாய். வெள்ளி கிராம் 100 ரூபாய் விற்றபோது உலோகம் 2,000. அடக்கம் 4,800 ரூபாய். அடக்கத்தில் பாதிக்கு மேல் கைவேலை.

வெள்ளி 200 ரூபாய் ஆனதும் உலோகம் 4,000. கூலி அதே 2,800. அடக்கம் 6,800 ரூபாய். வாங்குகிறவர் முகம் சுளிக்கிறார். கடைக்காரர், "6,000-க்கு மேல் போகாது, நீ குறைத்துக்கொள்" என்கிறார். வெள்ளிக்காரர் ஒரு ரூபாய் குறைப்பாரா? மாட்டார். வெள்ளி 4,000 போக மீதி 2,000. கூலி நாளுக்கு 500 ஆகிவிட்டது. உலோகம் ஏறிய ஏற்றத்தில் ஒரு பகுதியைச் சாமணம் பிடித்த கை தன் கூலியிலிருந்து கட்டியிருக்கிறது.

இன்னொரு பக்கம் வார்ப்பு நகை வந்து நிற்கிறது. அச்சில் உருக்கி ஊற்றி ஒரே மாதிரி நூறு எடுக்கலாம். 20 கிராம் வெள்ளி 4,000, செய்கூலி 10 சதவீதம் என்றால் 4,400 ரூபாய். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து "இது கிராம் 220, அது கிராம் 340" என்று சொல்லிவிட்டால் கைவேலை எப்படி நிற்கும்?

வார்ப்பு நகை விற்பது குற்றம் அல்ல. வார்ப்பைக் கைவேலை என்று சொல்லி விற்பதே குற்றம். இரண்டையும் பிரித்தறிவது கடினமும் அல்ல. பத்து மடங்கு பெருக்கிக் காட்டும் சிறு கண்ணாடி போதும். கைவேலையில் முறுக்கிய இழையின் மணி வரிசை தெளிவாகத் தெரியும், ஒவ்வொரு கம்பியும் தனித்தனியாக நின்று இணைப்பில் மட்டும் பற்றியிருக்கும். வார்ப்பில் கம்பிகள் ஒன்றுக்குள் ஒன்று கலந்து, மூலைகள் மழுங்கியிருக்கும். பின்பக்கத்தைத் திருப்பினால் இன்னும் எளிது. தகட்டில் அழுத்தி எடுத்ததாக இருந்தால் பின்பக்கம் குழிவாக இருக்கும். இரண்டு காதணியை அடுத்தடுத்து வையுங்கள். கைவேலையில் இம்மியளவாவது வேறுபாடு இருக்கும். ஒரு கறை, ஒரு கீறல் கூட மாறாமல் இரண்டும் ஒன்றாக இருந்தால் அது அச்சின் பிள்ளை.

வணிகர் செய்யக் கூடியவை

முதலாவது, ரசீதில் இரண்டு வரி. வெள்ளி எடையும் தரமும் விலையும் ஒரு வரி. கைவேலைக் கூலி தனி வரி. "சேதாரம்" என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் மறைத்தால், வாங்குகிறவர் ஏமாற்றப்பட்டதாக நினைக்கிறார், செய்தவர் கண்ணுக்கே தெரியாமல் போகிறார். "இதில் 400 சுருள் இருக்கிறது, நாலு நாள் வேலை" என்று சொல்லிக் காட்டினால் மதிக்கிற வாடிக்கையாளர்கள் எந்த ஊரிலும் உண்டு.

இரண்டாவது, கூலியை உருப்படிக்கு அல்லது நாளுக்குப் பேச வேண்டும். கிராமுக்கும் வேண்டாம், வெள்ளி விலையின் சதவீதமாகவும் வேண்டாம். சதவீதக் கூலி வெள்ளி ஏறும்போது நம்மை மிரட்டும், இறங்கும்போது தொழிலாளியை வாட்டும்.

மூன்றாவது, வெள்ளிக் கணக்கு வேறு, பணக் கணக்கு வேறு. வெள்ளியை எடை போட்டுக் கொடுத்து, செய்த நகையையும் மீதியையும் எடை போட்டு வாங்கி, இழப்பு எவ்வளவு என்பதை முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் தகராறுக்கு இடம் இல்லை. கம்பி வேலையில் நுனித் துண்டும் தூளும் விழத்தான் செய்யும். பட்டறையைப் பெருக்கிய மண்ணைக்கூடச் சலித்து வெள்ளி எடுப்பது அதனால்தான். இரண்டு கணக்கையும் ஒன்றாகக் கலந்தால், கடைசியில் தொழிலாளியின் கூலி நம் வெள்ளிக்கு ஈடாகிப்போகும், கடன் மட்டும் நிற்கும்.

நான்காவது, முத்திரை. வெள்ளிக்கு 2005 முதல் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் ஹால்மார்க் முத்திரை உண்டு. 2025 செப்டம்பர் 1 முதல் விருப்பத்தின் பேரில், தங்கத்துக்கு இருப்பது போன்ற ஆறு இலக்கத் தனி அடையாள எண்ணுடனும் பெற முடிகிறது. கட்டாயம் வரும் வரை காத்திருக்காமல் முத்திரை பெற்று விற்பவர், பொடி வைக்காமல் பேசுகிறார் என்று பொருள்.

ஐந்தாவது, ஃபேன்சி பொருள் விற்கும் சிறு கடைக்காரர்களுக்கு. வீட்டில் இருந்தபடியே செம்பு, பித்தளைக் கம்பியில் காதணியும் கழுத்தணியும் செய்யும் பெண்களும் மாணவிகளும் எத்தனையோ ஊர்களில் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கம்பி விற்கும்போது "20 நம்பர்" என்று மட்டும் சொல்லிக் கொடுக்காதீர்கள். பிரிட்டிஷ் அளவில் 20 நம்பர் 0.914 மி.மீ. அமெரிக்க அளவில் அதே 20 நம்பர் 0.812 மி.மீ. ஒரு கிலோ செம்பு முதல் அளவில் சுமார் 170 மீட்டர் வரும், இரண்டாவதில் 215 மீட்டர் வரும். எடைக்கு வாங்கி மீட்டருக்கு விற்பவருக்கு இது லாப நஷ்டக் கணக்கு. மணியின் துளைக்குள் கம்பி நுழையாமல் திரும்பி வரும் வாடிக்கையாளருக்கு இது நம்பிக்கைக் கணக்கு. மி.மீ. அளவை எழுதி ஒட்டிவிடுங்கள்.

"ஜெர்மன் சில்வர்" என்ற பெயரில் சில்வர் உண்டே தவிர, வெள்ளி கிடையாது. அது செம்பு, நிக்கல், துத்தநாகம் சேர்ந்தது. நிக்கல் சிலர் தோலுக்கு ஒத்துக்கொள்ளாமல் அரிப்பும் தடிப்பும் உண்டாக்கும். விற்கலாம், ஆனால் சொல்லி விற்க வேண்டும்.

கடையில் வெள்ளிப் பொருள் வைத்திருப்போருக்கு ஒரு குறிப்பு. ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டி வைக்காதீர்கள், முட்டை இருக்கும் பக்கம் வைக்காதீர்கள். கந்தகம் சேர்ந்த ஆவி வெள்ளியைக் கறுக்கச் செய்யும். தட்டையான நகையைத் துடைத்துவிடலாம். கம்பி நகையின் நானூறு இடுக்கிலும் துணி போகாது. காற்றுப் புகாத பிளாஸ்டிக் பையில் ஒவ்வொன்றாக இட்டு, ஒன்றின் மேல் ஒன்று அழுந்தாமல் வைப்பதே நல்லது.

நோட்டுக் கணக்கு

நண்பரின் கடைக்கே திரும்புவோம். வெங்காரம் கால் கிலோவிலிருந்து நூறு கிராமுக்கு இறங்கிய பிறகு அந்த வீட்டு எண்ணெய் ஒரு லிட்டரிலிருந்து அரை லிட்டர் ஆனதாம். பிறகு பருப்பு குறைந்ததாம். பட்டறைக்காரர் கடனை மட்டும் ஒவ்வொரு சனிக்கிழமையும் கொஞ்சமாவது கட்டிவிட்டாராம். ஒரு சனிக்கிழமை, "அண்ணே, பையன் இந்த வேலைக்கு வரமாட்டேங்கறான். கம்பெனி வேலைக்குப் போறானாம்" என்றாராம். அதைச் சொல்லிவிட்டு நண்பர், "ஒரு பட்டறை மூடினா என் நோட்டுல ஒரு பக்கம் மூடுதுங்க" என்றார்.

நகை வணிகர் ஒருவர் ரசீதில் இரண்டாவது வரியை எழுதுவதற்கும், தெருமுனை மளிகைக் கடையில் ஒரு பக்கம் மூடாமல் இருப்பதற்கும் தொடர்பு இருக்கிறது. ஒரு தெருவில் கூலி ஒழுங்காக வந்தால் அந்தத் தெருக் கடைகள் எல்லாவற்றிலும் கல்லாப்பெட்டி திறக்கும். இதை மற்ற வணிகங்களுக்கும் பொருத்திப் பார்க்கலாம். கை முறுக்கு சுற்றுபவரிடமும், பூக்கட்டுபவரிடமும், அப்பளம் இடுபவரிடமும் நாம் எடைக்கு மட்டும் கொடுக்கிறோமா, வேலைக்கும் கொடுக்கிறோமா என்று ஒருமுறை நம்மையே கேட்டுக்கொள்ளலாம்.

தராசு நேர்மையானதுதான். ஆனால் அதில் வைத்ததை மட்டுமே அது காட்டும். வெள்ளியை வைத்தால் வெள்ளியின் எடையைக் காட்டும். நாலு நாள் குனிந்திருந்த முதுகை அதில் வைக்க முடியாது. அதைக் கணக்கில் சேர்க்க வேண்டியவர் தராசின் பின்னால் நிற்கும் வணிகர். அடுத்த முறை கம்பி நகை ஒன்று கைக்கு வரும்போது, எடை போடுவதற்கு முன்னால் ஒரு நிமிடம் அதன் சுருள்களை எண்ணிப் பார்ப்போம்.